'போறன்' சொல்லும் வாய்க்கு ஸ்பானிஷ் தூரமில்லை

வெள்ளவத்தையில், கடலோரத் தண்டவாளத்தில் முடிகிற ஒழுங்கையில் அக்காவின் வீடு. அக்காவின் மகள் கைபேசியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். "யோ கொம்ப்ரோ பான், யோ கொமோ பான்" என்று ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். பாண் வாங்குகிறேன், பாண் சாப்பிடுகிறேன்.

"ஏன் பிள்ளை ஒவ்வொருக்காலும் 'யோ' சொல்லுறாய்?"

"நான் எண்டு சொல்லத்தானே வேணும், சித்தி."

"கடைக்குப் போகேக்கை அம்மாவிட்டை என்ன சொல்லுவாய்?"

"கடைக்குப் போறன் எண்டு."

"அதுக்குள்ளை 'நான்' எங்கை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு 'யோ'வை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

அவள் கையிலிருந்த பாடம் ஆங்கில வழி. ஆங்கிலத்தில் நிகழ்கால வினை படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளும், மற்றபடி அசையாது. பேச்சுச் சிங்களத்தில் அதுவும் இல்லை: 'மம யனவா', 'எயா யனவா'. எங்கள் வினையோ ஆளைத் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. 'போறன்' என்றால் நான், 'போறான்' என்றால் அவன். ஒரு குறில் நெடிலானால் ஆளே மாறிவிடுகிறார்.

ஸ்பானிஷும் அப்படித்தான். 'அப்லார்' என்றால் கதைப்பது. ஈற்றிலுள்ள 'ஆர்' போனால் மிஞ்சுவது அடி. கதைக்கிறன் என்பதற்கு ஆப்லோ, கதைக்கிறாய் என்பதற்கு ஆப்லாஸ், கதைக்கிறம் என்பதற்கு அப்லாமோஸ், கதைக்கினம் என்பதற்கு ஆப்லான். கடைசிச் சொல்லில் கவனம் வேண்டும்: 'ஆன்' என்று முடிவதால் எங்கள் காதுக்கு அவன் ஒருவனாகவே படும், ஆனால் அது பலர். அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஆப்லா' ஒன்றே. மரியாதையாக 'உஸ்தெத்' என்று அழைத்தாலும் அந்தப் படர்க்கை வினைதான். முன்னால் நிற்பவரிடமே "ஐயா எங்கை போறார்?" என்று கேட்கிறோமே, அந்தப் பணிவு.

'ஏர்', 'இர்' என்று முடியும் வினைகள் வேறு இரண்டு கூட்டம். அவை 'நாங்கள்', 'நீங்கள்' என்ற இரண்டு இடங்களில்தான் பிரிகின்றன: சாப்பிடுகிறோம் கொமேமோஸ், வாழ்கிறோம் பிபீமோஸ்.

நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். தெருவெங்கும் பெர்னாண்டோ, பெரேரா, சில்வா. போர்த்துக்கேயர் 1505இல் வந்து, 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். பாண், மேசை, அலுமாரி எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. உடன்பிறந்த மொழியான ஸ்பானிஷில் பான், மேசா, அர்மாரியோ. பெயர்ச்சொற்கள் வீட்டுக்குள் வந்து குடியேறின. அவர்களுடைய வினை விகுதிகள் வரவில்லை. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோலிலேயே அவை உதிர்ந்துவிட்டன: யார் செய்தாலும் வினை ஒன்று, காலம் காட்ட முன்னால் 'தா', 'ஜா', 'லோ'.

அதே போர்த்துக்கேயரில் ஒருவர், இயேசு சபைக் குரு அன்றிக் அடிகளார், முத்துக்குளித்துறையில் இருந்தபடி 1549 அளவில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். தமிழ் வினைகளைத் தன் நாட்டவருக்குப் போர்த்துக்கேய மொழியிலேயே, அவர்கள் அறிந்த இலக்கண வழியில் விளக்கினார். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஸ்பானிஷ் ஏன் ஆங்கிலத்தைச் சுற்றி வரவேண்டும்? 'கதைக்கிறன்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 'ஆப்லோ'வை நேரே கொடுக்கலாம். தமிழில் அப்படியொரு பாடநூல் வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

மாலையில் ஒழுங்கைக்குள் சூன் பாண் முச்சக்கர வண்டியின் இசை கேட்டது. அவள் செருப்பைத் தேடியபடி திரும்பினாள்.

"சித்தி, கொம்ப்ராமோஸ் பான்?"

'நாங்கள்' என்று ஒரு சொல் அதில் இல்லை. நானும் எழுந்தேன்.