கல்வரப்பும் நிலச் சான்றிதழும்

மாணவர்களே! எத்தியோப்பியாவின் மலைச்சரிவு வயல்களில் மழைநீர் மண்ணை அரித்துச் செல்கிறது. ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் அல்லவா? சரிவின் குறுக்கே கல்வரப்பு கட்டினால் வேகம் தணியும். நீர் சுமந்துவரும் மண் அங்கேயே படியும். இயற்பியல் இவ்வளவுதான். கல் சுமப்பதுதான் கடினம்!

அங்கே 1975-இல் நிலம் அரசுடைமையாயிற்று. உழவருக்குப் பயிரிடும் உரிமை மட்டுமே. அந்த நிலமும் அவ்வப்போது மறுபங்கீடு செய்யப்பட்டது. நாளை வேறொருவருக்குப் போகக்கூடிய வயலில் நீங்கள் கல் அடுக்குவீர்களா?

1998-இல் திக்ரே பகுதியில் உழவர்களுக்கு நிலச் சான்றிதழ் வழங்கத் தொடங்கினார்கள். வெறும் ஒரு தாள்தான். ஆனால் அதன்பின் வரப்புகள் செவ்வையாகப் பேணப்பட்டதையும், மரங்கள் நடப்பட்டதையும், விளைச்சல் கூடியதையும் ஆய்வாளர்கள் கண்டனர். அம்ஹாரா பகுதியில் 2003 முதல் வழங்கிய சான்றிதழில் கணவரோடு மனைவியின் பெயரும் படமும் இடம்பெற்றன.