ரயில் வராத ஸ்டேஷன்

மூணாறிலிருந்து கிழக்கே போகும் பஸ்ஸின் நெற்றியில் ‘டாப் ஸ்டேஷன்’ என்று எழுதியிருக்கும். மாட்டுப்பட்டி அணை, எதிரொலிக்கும் ஏரிக்கரை, குண்டளை அணை எல்லாம் தாண்டி பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால், ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே தேனி மாவட்டம் விரிந்து கிடக்கும். அங்கே தேநீர்க்கடை உண்டு, கேரட் விற்பவர்கள் உண்டு, கூட்டமும் உண்டு. ஸ்டேஷன்தான் இல்லை.

பெயரோ இன்னும் இரண்டு இடங்களில் தொடர்கிறது. அங்கிருந்து குரங்கணிக்கு இறங்கும் மலைப்பாதையின் நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். அடிவாரத்தில், கொட்டகுடிப் பக்கம், பாட்டம் ஸ்டேஷன். மூன்று ஸ்டேஷனிலும் இன்று தண்டவாளம் கிடையாது. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை நீராவி ரயில் ஓடியது. அதன் பெயர் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். அது ஏன் மலை விளிம்பு வரை வந்து நின்றது, மற்ற இரண்டு ஸ்டேஷன்களும் எதற்காக என்று கேட்டுக்கொண்டே போனால், சக்கரம், சரிவு, கம்பி மூன்றின் குணமும் புரிந்துவிடும்.

தேயிலைக்கு ஒரு வழி

1877-ல் ஜே.டி. மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பி, சின்கோனா என்று பலதையும் நட்டுப் பார்த்தபின், தேயிலைதான் அந்த மண்ணுக்கு ஒத்துவந்தது. 1897-ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. காடு அழிந்து தோட்டம் ஆனது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் குடியேறின.

கொழுந்து கிள்ளுவது ஒரு பாடு என்றால், காய்ந்த தூளைக் கப்பலேற்றுவது இன்னொரு பாடு. தேயிலை பக்கத்திலிருக்கும் ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும் பண்டம். மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் பெட்டி நாட்கணக்கில் கிடந்தால் சரக்கு கெட்டது. எதிர்த்திசையில் தொழிற்சாலைக்கு இரும்பு எந்திரங்கள் வரவேண்டும். தோட்டத்தில் நெல் விளையாது என்பதால், ஆயிரக்கணக்கான வயிறுகளுக்கு அரிசியும் மலையேறியாக வேண்டும்.

அரிசி இருந்தது கிழக்கே, போடிநாயக்கனூர்ச் சமவெளியில். கப்பல் இருந்ததும் அந்த வழியில்தான், தூத்துக்குடியில். அதனால் திருவிதாங்கூருக்குள் இருந்த மலையின் வணிக வாசல் தமிழ்ப் பக்கம் பார்த்துத் திறந்திருந்தது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலை விளிம்புக்கு முதலில் வண்டிப்பாதை வந்தது. 1902-ல் அந்தப் பாதையோரம் ஒரு தண்டவாளம் போட்டார்கள். ஆம், ஒன்றே ஒன்று.

ஒற்றைக் கம்பியில் வண்டி

ஒற்றைத் தண்டவாளம் என்றதும் இன்றைய நகரங்களில் தூண்மேல் ஓடும் மோனோரயில் நினைவுக்கு வரலாம். இது வேறு. யூயிங் முறை என்று இதற்குப் பெயர். தண்டவாளம் தரையில் கிடக்கும். வண்டியின் அடியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிறு சக்கரங்கள். இருபுறமும் விளிம்பு வைத்த அவை தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு உருளும். வண்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சு வெளியே நீண்டு, அதன் முனையில் பெரிய சக்கரம் ஒன்று சாதாரண மண் சாலையில் ஓடும்.

சுமையில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்டவாளத்தின்மேல்தான் இறங்கும். பெரிய சக்கரத்துக்கு வருவது மீதி ஐந்து சதவீதம். வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வது ஒன்றே அதன் வேலை. இரு சக்கர வாகனத்துக்குப் பக்கத்தில் சைட்கார் பூட்டியதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படி அரையும் குறையுமாக ஒரு ரயில் எதற்கு? கணக்கு எளிது. நல்ல தண்டவாளத்தில் ஒரு டன் சுமையைச் சமதரையில் நகர்த்த ஐந்து கிலோ அளவு இழுவிசை போதும். அதே டன் மண்பாதையில் ஐம்பது கிலோவுக்கு மேல் இழுக்க வைக்கும். சேறாக இருந்தால் இன்னும் அதிகம். இரும்புச் சக்கரம் இரும்பின்மேல் பதிவதில்லை, மண்ணில் பதிகிறது. பதிந்த பள்ளத்திலிருந்து ஒவ்வொரு நொடியும் ஏறி வெளியே வருவதில்தான் மாட்டின் உயிர் போகிறது. ஒரே கம்பி போட்டாலும் அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இரும்புச் செலவு பாதி. இரண்டு கம்பிகளையும் ஒரே மட்டத்தில் வைக்கும் தலைவலி கிடையாது. இருக்கிற வண்டிப்பாதையின் ஓரத்திலேயே போடலாம். எந்த வளைவிலும் திருப்பலாம். இழுக்க எஞ்சினும் வேண்டாம். குண்டளையில் இழுத்தவை காளைகள்.

இதே முறையில் பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907-ல் ஒரு ரயில் தொடங்கி இருபது ஆண்டு ஓடியது. அதன் நீராவி எஞ்சின் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யூயிங் முறையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம். ஆனால் பாட்டியாலா சமவெளி, மூணாறு மழைமலை. மண்ணில் ஓடும் அந்த ஐந்து சதவீதச் சக்கரம், மண் இளகினால் முரண்டு பிடிக்கும். காளைக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற அளவு உண்டு. தோட்டங்கள் பெருகப் பெருக, ஒற்றைக் கம்பி போதவில்லை.

இரண்டு கம்பி, இரண்டடி இடைவெளி

1908-ல் ஒற்றைக் கம்பியை எடுத்துவிட்டு இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். இடைவெளி இரண்டடி, அதாவது 610 மில்லிமீட்டர். டார்ஜிலிங் ரயிலுக்கும் இதே அளவுதான். இன்றைய அகல ரயில்பாதை 1,676 மில்லிமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் பொம்மை போலத் தோன்றும். மலையில் இந்தக் குறுக்கத்துக்கு மதிப்பு அதிகம். பாதை குறுகினால் மலையை வெட்டும் அகலமும் குறைகிறது; மலைமடிப்பை ஒட்டிச் சின்ன வட்டத்தில் வளைந்துபோக முடிகிறது. மூணாறில் தொடங்கி, மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் வரை சுமார் 35 கிலோமீட்டர். காளைகளின் இடத்துக்குச் சிறிய நீராவி எஞ்சின்கள் வந்தன.

அந்த மேட்டுநிலத்துக்கு வேறெந்த ரயிலும் வந்து சேரவில்லை. அதனால் தண்டவாளமும் எஞ்சினும்கூட முதலில் சரக்காகத்தான் மலைமேல் வந்து சேர்ந்திருக்க முடியும். நாட்டின் ரயில் வலையோடு எங்கேயும் முடிச்சுப் போடாத, இரு முனையும் மலைமேலேயே இருந்த ரயில் இது.

அதை அப்படியே போடிக்கு இறக்கியிருக்கலாமே? இங்கேதான் இரும்புச் சக்கரத்தின் மறுபக்கம் தெரிகிறது. எது வழுக்கலாக உருளுமோ அது ஏறும்போதும் வழுக்கும். நாற்பது மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் சரிவில்கூட, ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாக 25 கிலோ இழுவிசை வேண்டும்: சமதரையில் தேவைப்பட்டதைப் போல ஐந்து மடங்கு. நடந்துபோகிறவருக்கு ஏற்றம் என்றே உறைக்காத சரிவு அது. எஞ்சினுக்கு மூச்சு வாங்கிவிடும். இன்னும் செங்குத்தானால் எஞ்சினின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும்.

டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம். நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவில் ஆயிரம் மீட்டர் இறங்க 40 கிலோமீட்டர் பாதை வேண்டும். மூணாறிலிருந்து வந்த மொத்தப் பாதையைவிட அது நீளம். அதையும் பாறைச் சுவரில் வெட்டியாக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி ரயில் பற்சக்கரம் வைத்து இதைச் சமாளித்தது; அங்கே பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். அந்தச் செலவை அரசும் பெரிய ரயில் நிறுவனமும் தாங்கலாம். தேயிலைப் பெட்டிக்காக மட்டும் ஓடும் ரயிலுக்கு அது கட்டுமா?

கம்பி வழி

அதனால் ரயில் விளிம்பில் நின்றது. மிச்ச வேலையைக் கம்பி வடம் எடுத்துக்கொண்டது. பழனிக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விஞ்சு தண்டவாளத்தில் ஏறும், ரோப் கார் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு ஏறும். டாப் ஸ்டேஷனில் இருந்தது இரண்டாவது வகை, ஆனால் சரக்குக்கு.

கம்பி வழிக்குச் சக்கரத்தின் பிடிப்பைப் பற்றிய கவலையே இல்லை. சுமை கம்பியோடு கட்டுண்டது, வழுக்க முடியாது. பள்ளமோ பாறையோ ஓடையோ, தூணுக்குத் தூண் தாண்டிப் போய்விடும். கீழே இறங்கும் பெட்டியின் எடை, மேலேறும் மூட்டைக்குக் கைகொடுக்கும்: கிணற்றுக் கப்பியின் இருபுறமும் வாளி கட்டியதுபோல. சுமார் 5 கிலோமீட்டர் கம்பி வழியில் தேயிலை இறங்கியது. அந்த வழியின் உச்சிதான் டாப் ஸ்டேஷன், இடைநிலை சென்ட்ரல் ஸ்டேஷன், அடி பாட்டம் ஸ்டேஷன். அதாவது டாப் ஸ்டேஷன் என்ற பெயரே கம்பியைக் கணக்கில் வைத்துச் சொன்னது. ரயிலுக்கு அது மேலும் அல்ல, கீழும் அல்ல, கடைசி.

அடிவாரத்தில் பெட்டிகள் மாட்டுவண்டிக்கு மாறின. ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் போடி. அங்கிருந்தும் மாடுதான், மதுரைப் பக்கத்து ரயில்பாதையை எட்டும் வரை. பிறகு ரயிலில் தூத்துக்குடி. அன்று அங்கே கரையோரம் கடல் ஆழமில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். தோணியில் ஏற்றிக்கொண்டுபோய்த்தான் கப்பலில் சேர்க்க முடிந்தது. ரயில், கம்பி, மாடு, மறுபடி ரயில், தோணி, கப்பல் என்று ஒரு பெட்டி லண்டன் போவதற்குள் எத்தனை தோள் மாறியிருக்கும்! ஒவ்வோர் எந்திரமும் தன்னால் முடிந்த தரையில் மட்டும் ஓடியது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மனிதன் சுமந்தான்.

தொண்ணூற்றொன்பது வெள்ளம்

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099. கேரளத்தில் இன்றும் வயதானவர்கள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று சொல்வது இதைத்தான். மழை வாரக்கணக்கில் விடவில்லை. மாட்டுப்பட்டியில் மலை சரிந்து, மண்ணும் மரமும் இரண்டு குன்றுகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டு தானாகவே ஓர் அணை எழும்பியது. பின்னால் தண்ணீர் தேங்கிக்கொண்டே போனது. ஒருநாள் அந்த அடைப்பு உடைந்தது. பள்ளத்தாக்கின் அடியை ஒட்டி, ஆற்றின் பக்கமாக, மெல்லிய சரிவு தேடித் தேடிப் போட்ட ரயில்பாதைக்குத் தப்ப வழியில்லை. எந்தச் சமதளம் ரயிலுக்கு உதவியதோ, அதே சமதளத்தில்தான் வெள்ளமும் வந்தது. மூணாறு ஊரும் சேர்ந்து சிதைந்தது.

ரயில் மறுபடி ஓடவில்லை. பதினாறு ஆண்டோடு முடிந்தது. பிரதான ரயில்பாதை அடித்துப்போனால் நாடே அதைச் சரிசெய்யக் காத்திருக்கும். ஒரு கம்பெனியின் ஒரு சரக்குக்காக, எதோடும் சேராமல் மலைமேல் தனியே ஓடிய பாதைக்கு அப்படிக் கேட்பார் இல்லை. உலகெங்கும் சுரங்கம், கரும்பாலை, மரவெட்டு இவற்றுக்காகப் போட்ட கிளை ரயில்களின் ஆயுள் இப்படித்தான் முடிந்திருக்கிறது: சரக்கு வேறு வழி கண்டுகொண்ட நாளில்.

இங்கே அந்த வேறு வழி மேற்கே கிடைத்தது. மூணாறிலிருந்து ஆலுவாவுக்குப் போன பழைய சாலையையும் அதே வெள்ளம் அழித்திருந்தது. அதற்குப் பதிலாக நேரியமங்கலம் வழியே புதுச் சாலை வந்தது. பெரியாற்றின் குறுக்கே 1935-ல் பாலம் திறந்தார்கள். கொச்சியில் அதற்குள் புதுத் துறைமுகம் உருவாகியிருந்தது; அங்கே கப்பல் உள்ளேயே வந்து நிற்கும், தோணி வேண்டாம். லாரியில் ஏற்றிய பெட்டியைத் துறைமுகத்தில் இறக்கினால் போதும். தோள் மாற்றும் அந்த நீண்ட சங்கிலிக்கு மெல்ல மெல்ல வேலை குறைந்தது.

சந்திக்காத இரண்டு ரயில்கள்

போடிக்கு ரயில் வந்தது 1928-ல். மலைமேல் ரயில் அழிந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. போடி ரயிலும் நிம்மதியாக ஓடியதாகச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மீண்டும் போட்டார்கள். 2010-ன் கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். 2023-ல்தான் போடிக்கு ரயில் திரும்பியது. பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு. ஆனால் அது பெரிய வலையின் ஒரு நூல். அறுந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் முடிச்சுப் போட்டார்கள்.

மலைமேல் மிச்சம் குறைவு. மூணாறின் பழைய ஸ்டேஷன் கட்டிடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாகிவிட்டது. நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் குண்டளை ரயிலின் எஞ்சின் சக்கரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். பார்க்கச் சின்னதுதான். விளிம்பு வைத்த அந்த இரும்பு வட்டத்தை விரலால் தடவினால் வழுவழுவென்றிருக்கும். சமதரையில் ஒரு டன்னை ஐந்து கிலோவாக்கிக் காட்டியதும், டாப் ஸ்டேஷன் விளிம்பில் அதற்குமேல் முடியாது என்று நின்றதும் அந்த வழுவழுப்புதான்.