கம்பளி சூடு தருவதில்லை!

மார்கழியில்கூட மின்விசிறி சுழலும் ஊர் ஆவடி. திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த ஊரில்தான், ஓ.சி.எஃப் என்று எல்லோரும் சொல்லும் படைத்துறை உடைத் தொழிற்சாலை இருக்கிறது. 1961-ல் தொடங்கப்பட்ட இங்கே ராணுவச் சீருடைகள் தயாராகின்றன. நம் ராணுவம் காவல் நிற்கும் இடங்களில் சியாச்சினும் ஒன்று. அங்கே குளிர் மைனஸ் 50 டிகிரி வரை போகும். அந்தக் குளிருக்கான துணியைத் தடவிப் பார்த்து, ‘கெட்டியாத்தான் இருக்கு’ என்று சொன்னால் போதாது. அளந்தாக வேண்டும்.

எப்படி அளக்கிறார்கள்?

எந்தத் துணியும் சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பின் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் ஓர் உலோகத் தட்டை, நம் தோலைப் போல 35 டிகிரி சூட்டில் வைத்து, அதன்மேல் துணியை விரிப்பார்கள். சுற்றியுள்ள காற்று 20 டிகிரி. தட்டு ஆறாமலிருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்ப்பார்கள். செலவு குறைந்தால், துணி சூட்டை நன்றாகக் காக்கிறது என்று அர்த்தம்.

உடைக்கான அலகு ‘க்ளோ’. 1941-ல் உருவானது. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் குளிராமல் காக்கும் உடை, 1 க்ளோ. கோட்டும் சூட்டும் ஏறக்குறைய இந்த அளவு. அரைக்கைச் சட்டையும் பேன்ட்டும் அதில் சுமார் பாதி. சேலை முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்தினால் அளவு கூடும்.

காற்றுதான் காவல்

குளிரைத் தடுப்பதில் பெரும்பங்கு நூலுக்கு இல்லை; இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுக்குத்தான். ஊட்டிக்கோ காஷ்மீருக்கோ கிளம்புகிறீர்களா? ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று உடைகள் நல்லது. நனைந்தால் உடனே மாற்றுங்கள். காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகத் தண்ணீர் சூட்டைக் கடத்திவிடும்.

அனலுக்கும் இதே கணக்கு

இதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு. உலை முன் நிற்பவரின் கனத்த உடை அனலைத் தடுக்கும். ஆனால், உடம்புச் சூட்டையும் வியர்வையையும் உள்ளேயே அடைத்துவிடும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால், அதே தட்டை ஈரமாக்கி, துணி வழியே நீராவி எவ்வளவு வெளியேறுகிறது என்றும் அளக்கிறார்கள். சியாச்சின் வீரருக்கும் இந்த அளவு முக்கியம்: ஏறும்போது வியர்த்து உடை நனைந்தால், நின்றதும் குளிர் தாக்கும்.

சூட்டைக் காப்பதோடு, வியர்வையை வெளியே விடுவதே நல்ல உடை.