பந்தயப் பாதைக்கும் பார்வையாளருக்கும் இடையில்

அமெரிக்காவின் டேடோனா ஓடுபாதையில் ஞாயிறு பிற்பகல் 2.30 மணிக்குக் கார்கள் புறப்படும்போது, பாமன்கடையில் திங்கள் அதிகாலை 1 மணி. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு கைபேசியில் பந்தயம் பார்ப்பவன் நான். "வட்டமாச் சுத்திற காரைப் பார்க்கவா நித்திரை முழிக்கிறியள்?" என்று மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் முயற்சியாகவும், 2024 ஏப்ரலில் தியத்தலாவையில் நடந்ததைப் பற்றி ஒரு ரசிகனாகச் சொல்லவேண்டியதைச் சொல்லவுமே இந்தக் கட்டுரை.

நான் பார்ப்பது 'ஸ்டொக் கார்' பந்தயம். கடையில் விற்கப்படும் சாதாரணக் கார் என்பதே அந்தப் பெயரின் பொருள். பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்யப்படும் போர்முலா 1 காருக்கு நேரெதிரானது. இன்று ஓடும் கார்கள் வெளித்தோற்றத்தில் மட்டுமே கடைக் கார்கள் என்றாலும், தொடக்கம் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் தென்கிழக்கு மலைப்பகுதிகளில் கள்ளச் சாராயம் கடத்தியவர்கள், பொலிசாரை முந்துவதற்காகத் தங்கள் கார்களைத் திருத்தி வேகம் ஏற்றினார்கள். வார இறுதியில் யாருடைய கார் வேகமானது என்று தங்களுக்குள் போட்டி வைத்தார்கள். இப்படிச் சிதறிக் கிடந்த பந்தயங்களை பில் பிரான்ஸ் என்பவர் 1948இல் நாஸ்கார் என்ற அமைப்புக்குள் கொண்டுவந்தார். 1949 ஜூன் 19ஆம் திகதி சார்லட் நகரில், மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கான முதல் பந்தயம் நடந்தது. முதலாவதாக வந்தவரின் காரைச் சோதித்தபோது பின்புற ஸ்பிரிங்குகள் பலப்படுத்தப்பட்டிருந்தன. சாராயப் பாரம் தாங்கச் செய்த வேலை அது. அவரைத் தகுதிநீக்கி, இரண்டாவதாக வந்தவருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாணத்துக் கராஜ்கள்தான் நினைவுக்கு வந்தன. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காத காலத்தில், பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் காபரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய கார்களில் இது சரிவராது. அவற்றின் எஞ்சினில் அழுத்தம் கூட, மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினை உடைத்துவிடும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள்தான் அதைத் தாங்கின. அந்தப் புகைக்கும் தட்டலுக்கும் நடுவே நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மணமக்கள் கோயிலுக்குப் போனார்கள். சாராயக் கடத்தல்காரனுக்கும் எங்கள் மெக்கானிக்குக்கும் காரணம் வேறு. இருக்கிற காரை வைத்தே காரியம் முடிக்கும் கைவேலை ஒன்றுதான்.

இலங்கையிலும் இந்த வகைப் பந்தயத்துக்குப் பஞ்சமில்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலிருந்து பேசப்படுவது. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையிலேயே கார்கள் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் சோழவரம் ஓடுபாதைக்கும் இதே பிறப்புக் கதைதான். இங்கே ஓடுபவை நிஸான் மார்ச், போர்ட் லேஸர், மஸ்டா போன்ற, எங்கள் ஒழுங்கைகளிலும் நிற்கிற கார்கள். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்த எவருக்கும் அந்தக் கார்களின் ஒவ்வொரு பாகமும் தெரியும்.

தமிழர் எவரும் இதில் இல்லை என்றும் நினைக்கவேண்டாம். போர்முலா 1இல் ஓடிய முதல் இந்தியரான கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன், 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓடினார். மார்ட்டின்ஸ்வில் ஓடுபாதையில் தன் முதல் பந்தயத்திலேயே 13ஆம் இடம் பிடித்தார். அந்த ஆண்டு அத்தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக ரசிகர்கள் அவரையே வாக்களித்துத் தெரிவுசெய்தார்கள்.

ஆனால் இலங்கையில் எங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. பெரிய பந்தயங்கள் பல படையினரின் ஏற்பாட்டில், படையினரின் நிலத்தில் நடப்பவை. அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா சுப்பர் குரொஸ், சீகிரியாவில் விமானப்படையின் ரலி குரொஸ், தியத்தலாவையில் இராணுவக் கல்லூரியின் பொக்ஸ்ஹில் சுப்பர் குரொஸ். இந்தப் பெயர்களைக் கேட்டதும் எங்களில் பலருக்கு எஞ்சின் சத்தமா நினைவுக்கு வரும்? எனக்குத் தெரிந்த பலர் அதற்காகவே போவதில்லை. அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. போகிறவர்களையும் குறைசொல்லமாட்டேன். கார் பார்க்கப் போகிற பிள்ளைக்கு அது கார் மட்டும்தான்.

அப்படிக் கார் பார்க்கப் போனவர்கள்தான் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ்ஹில்லில் இருந்தார்கள். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நடந்த பந்தயம். புத்தாண்டு விடுமுறைக் காலம். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் ஐந்தாம் ஆண்டு நினைவுகூரல் நடந்த அதே நாள். பாதையில் ஒரு கார் ஏற்கனவே கவிழ்ந்திருந்தது. பின்னால் வந்த இன்னொரு கார் கட்டுப்பாட்டை இழந்து, பாதையோரம் நின்றவர்கள் மீது பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

"விதி" என்றார்கள் சிலர். பந்தயத்தை நேசிப்பவன் என்ற முறையில் அதை நான் ஏற்கமாட்டேன். கார் பாதையை விட்டு விலகுவது விபத்து. விலகிய கார் மனிதர்களை அடைவது ஏற்பாட்டின் குறை.

கணக்கு எளிது. வேகம் இரண்டு மடங்கானால் காரின் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். நிற்பதற்கு வேண்டிய தூரமும் ஏறக்குறைய அப்படியே கூடும். தார் வீதியை விட மண்பாதையில் டயரின் பிடிப்புக் குறைவு, ஆகவே தூரம் இன்னும் கூடும். தூசி எழுந்தால் பின்னால் வருபவருக்கு முன்னால் கவிழ்ந்த காரோ அசைக்கும் கொடியோ தெரியாமற்போகலாம். எனவே வளைவின் வெளிப்பக்கத்தில், பாதையின் மட்டத்திலேயே, தடுப்பு எதுவுமின்றி நிற்பதே எல்லாவற்றிலும் ஆபத்தானது.

உலகம் இதை இரத்தம் சிந்தியே கற்றது. 1955இல் பிரான்சின் லே மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் சிதறி, 80க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். சுவிற்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடைசெய்தது. 1987இல் அமெரிக்காவின் டலடேகாவில் பொபி அலிசனின் கார் பறந்து வேலியில் மோதியது. பார்வையாளர்கள் காயமடைந்தாலும் அந்த வேலி கூட்டத்தைக் காத்தது. ஆனாலும் நாஸ்கார் அத்தோடு விடவில்லை. அடுத்த ஆண்டே எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தியது. 2001இல் டேடோனாவின் கடைசிச் சுற்றில் டேல் ஏர்ன்ஹார்ட் இறந்தபோது, கழுத்தைக் காக்கும் கருவியை அதே ஆண்டு கட்டாயமாக்கினார்கள். அடுத்த ஆண்டு முதல் மோதலை உள்வாங்கும் சுவர்கள் வந்தன. அந்த உயர்நிலைத் தொடரின் பந்தயங்களில் அதன்பின் ஓட்டுநர் எவரும் இறக்கவில்லை.

தியத்தலாவைக்குப் பிறகும் விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. விசாரணைக் குழு என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தயம் நடத்தியவரே விசாரிப்பதும், கண்டறிந்தது மக்கள் கைக்கு வராமலிருப்பதும் போதாது. மண்பாதையில் பார்வையாளர் எத்தனை மீற்றர் தள்ளி நிற்கவேண்டும், எந்த வளைவுகளில் நிற்கவே கூடாது, பந்தயத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, இறந்தவரின் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில், மூன்று மொழிகளிலும் இருக்கவேண்டும். எல்லாப் பந்தயங்களுக்கும் பொதுவாக இருக்கவேண்டும். சீருடை அணிந்தவர் நடத்தினாலும் சரி, கழகம் நடத்தினாலும் சரி.

அதுவரை, பிள்ளைகளோடு பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள். உயரமான மண்திட்டு இருந்தால் அதன்மேல், விளிம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். ஒரு கார் கவிழ்ந்தால் பார்க்க ஓடாதீர்கள். அடுத்த கார் அதே இடத்துக்குத்தான் வரும். உங்களுக்கும் பாதைக்கும் இடையில் தடுப்பு இல்லையென்றால், பிள்ளை அழுதாலும் திரும்பிவிடுங்கள்.

நான் அடுத்த திங்கள் அதிகாலையும் விழித்திருப்பேன். அங்கே கார் மோதும்போது என் கண் முதலில் தேடுவது காரை அல்ல, அதற்கு அப்பாலிருக்கும் வேலியை.