ஒன்றரை நிமிட ஆட்டம், பதின்மூன்று ஆண்டு உழைப்பு: மார்கரிட்டா மாமூன் கடந்து வந்த பாதை

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி. பிரேசிலின் ரியோ நகரில் ஒலிம்பிக் போட்டி முடிய இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. பெண்களுக்கான ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் இறுதிச் சுற்றில் நான்கு ஆட்டங்களில் இரண்டு முடிந்துவிட்டன. முன்னணியில் இருந்தவர் ரஷ்யாவின் 18 வயது யானா குத்ரியாவ்த்சேவா. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலக வெற்றியாளராக இருந்தவர். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவரும் ரஷ்யர்தான், பெயர் மார்கரிட்டா மாமூன்.

மூன்றாவது ஆட்டம் தொடங்கியது. யானா தம் கையிலிருந்த கட்டைகளை வீசினார், சுழன்றார், பிடித்தார். இசை முடியும் தருவாயில் கடைசியாக மேலே எறிந்த கட்டை அவர் கைக்கு வராமல் தரையில் விழுந்தது. அந்த ஒரு நொடியில் ஒலிம்பிக் தங்கம் இடம் மாறியது. அது போய்ச் சேர்ந்த இடம் மார்கரிட்டா மாமூன்.

'யானா தவறவிட்டார், மாமூனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது' என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் மாமூனின் விளையாட்டு வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது என்பது விளங்கும். அந்தத் தங்கத்திற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதும் விளங்கும்.

எப்படிப்பட்ட விளையாட்டு இது?

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் கம்பியில் தொங்கிச் சுழல்வதும், குட்டிக்கரணம் அடித்துப் பாய்வதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வேறு வகை. இது இசைக்கேற்ப ஆடும் சீருடற்பயிற்சி. ஒலிம்பிக்கில் பெண்கள் மட்டுமே பங்கேற்கிறார்கள். ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம் கொண்ட சதுரம். ஓர் ஆட்டத்திற்குக் கிடைக்கும் நேரம் 75 முதல் 90 விநாடிகள். ரியோ இறுதிச் சுற்றில் ஒவ்வொருவரும் வளையம், பந்து, இரட்டைக் கட்டைகள், ரிப்பன் என நான்கு கருவிகளோடு நான்கு முறை ஆட வேண்டும். நான்கு மதிப்பெண்களையும் கூட்டியே பதக்கம் முடிவாகும்.

பார்ப்பதற்கு நடனம் போல் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சோதனை உண்டு. பந்தை விரல்களால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. விரிந்த உள்ளங்கையில் அது தானாகத் தங்க வேண்டும். ரிப்பன் குறைந்தது 6 மீட்டர் நீளம். ஆட்டம் முழுவதும் அது அசைந்துகொண்டே இருக்க வேண்டும், முடிச்சு விழுந்தால் மதிப்பெண் குறையும். கட்டைகள் நம்மவர் அறிந்த கர்லாக்கட்டையை நினைவூட்டும் வடிவம் கொண்டவை, ஆனால் மிகச் சிறியவை. ஒன்றின் நீளம் 40 முதல் 50 சென்டிமீட்டர்தான். அவற்றை உயரே வீசி, உடலைச் சுழற்றி, சில வேளைகளில் கண்ணால் பார்க்காமலேயே பிடிக்க வேண்டும்.

ரியோ போட்டியின்போது நடப்பில் இருந்த விதிப்படி ஓர் ஆட்டத்திற்கு அதிகபட்சம் 20 மதிப்பெண். அசைவுகளின் கடினத்திற்கு 10, பிழையின்றிச் செய்வதற்கு 10. கருவி கீழே விழுந்தால் இரண்டு பக்கமும் அடி விழும். பிழைக்காக மதிப்பெண் குறைக்கப்படும். அந்த வீச்சுக்குரிய மதிப்பெண்ணும் கிடைக்காமல் போகும். யானாவுக்கு நேர்ந்தது இதுதான்.

வங்காளத் தந்தை, ரஷ்யத் தாய்

மார்கரிட்டா மாமூன் 1995ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாஸ்கோவில் பிறந்தார். வீட்டிலும் பயிற்சிக் கூடத்திலும் அவரை ரீத்தா என்றே அழைப்பார்கள். தந்தை அப்துல்லா அல் மாமூன், வங்காளதேசத்தின் ராஜ்ஷாஹி பகுதியைச் சேர்ந்த கடல்துறைப் பொறியாளர். தாய் அன்னா ரஷ்யப் பெண்மணி. அவரும் ஒரு காலத்தில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர்.

ரீத்தா 7 வயதில் பயிற்சிக்குச் சென்றார். இளையர் பிரிவில் சிறிது காலம் தந்தையின் நாடான வங்காளதேசத்தைப் பிரதிநிதித்தார். பிறகு ரஷ்யாவையே தேர்ந்தெடுத்தார். ரஷ்ய அணியின் அப்போதைய தலைமைப் பயிற்றுநர் இரினா வினர் அவருக்கு வைத்த பெயர் 'வங்கப் பெண்புலி'. ரஷ்ய நாளேடுகளிலும் அந்தப் பெயரே நிலைத்தது.

அவரைப் பயிற்றுவித்தவர் அமினா ஸரிப்போவா. இவர் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றவர். மூன்றாம் இடம் வரை பதக்கம். நான்காம் இடத்திற்கு ஒன்றுமில்லை. ஒலிம்பிக் பதக்கத்தை இவ்வளவு அருகில் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய ஒருவர்தான் ரீத்தாவை உருவாக்கினார்.

சொந்த அணியே பெரிய போட்டி

ரஷ்யாவில் இந்த விளையாட்டுக்கு இருக்கும் இடம் தனி. 2000 சிட்னியில் யூலியா பர்சுகோவா, 2004 ஏதென்ஸில் அலினா கபாயெவா, 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் எவ்ஜீனியா கனாயெவா என்று தனிநபர் தங்கம் தொடர்ந்து ரஷ்யாவுக்கே சென்றது. தனிநபர் தங்கத்தை இரண்டு முறை வென்ற முதல் வீராங்கனை கனாயெவாதான்.

ஆனால் ஒலிம்பிக் தனிநபர் பிரிவில் ஒரு நாட்டிலிருந்து இருவர் மட்டுமே பங்கேற்க முடியும். திறமையான பெண்கள் ரஷ்யாவில் ஏராளம், இடமோ இரண்டு. ஆக, உலகத்தை வெல்வதற்கு முன் ஒரு ரஷ்ய வீராங்கனை தம் பக்கத்தில் நின்று பயிற்சி செய்யும் தோழியை வெல்ல வேண்டும். மாஸ்கோவுக்கு அருகில் நோவோகோர்ஸ்க் எனும் இடத்தில் தேசியப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கேதான் உண்மையான இறுதிச் சுற்று ஆண்டு முழுவதும் நடக்கிறது எனலாம்.

2012 லண்டன் அணியில் ரீத்தாவுக்கு இடமில்லை. அந்த ஆண்டின் இறுதியில் கனாயெவா ஓய்வு பெற்றதும் அடுத்த அரசி யார் என்ற கேள்வி எழுந்தது. ரீத்தாவின் பெயர் முன்னே நின்றது. 2013ஆம் ஆண்டு உக்ரேனின் கீவ் நகரில் உலகப் போட்டி நடந்தது. பந்துப் பிரிவில் அவர் தங்கம் வென்றார். கட்டைப் பிரிவிலும் தங்கம். ஆனால் அதை மற்றொரு ரஷ்யப் பெண்ணோடு சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பெண்தான் யானா.

முக்கியமான ஒட்டுமொத்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் பிழைகள் குறுக்கிட்டன. ரீத்தா பதக்க மேடையில் ஏற முடியவில்லை. வெற்றி பெற்றவர் யானா. அப்போது அவருக்கு வயது 15. ஒட்டுமொத்தப் பிரிவில் அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் யாரும் உலக வெற்றியாளர் ஆனதில்லை. வினர் அவருக்குக் கொடுத்த பட்டம் 'இரும்புச் சிறகு கொண்ட தேவதை'.

அடுத்த ஆண்டு துருக்கியின் இஸ்மிர் நகரில் யானா முதலிடம், ரீத்தா இரண்டாமிடம். 2015இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலும் அதே வரிசை. உலகில் இரண்டாவது சிறந்த வீராங்கனை என்பது சாதாரணப் பெருமையல்ல. ஆனால் தாம் ஆடும் கூடத்திலேயே இரண்டாமவராக இருப்பவருக்கு அது வேறு மாதிரி இருக்கும். காலையில் எழுந்ததும் பார்க்கும் முகம், தம்மை வென்ற முகம்.

ரியோவில் நடந்தது என்ன?

தகுதிச் சுற்றில் 26 பேர் ஆடினர். அவர்களில் பத்துப் பேர் இறுதிக்குச் சென்றனர். இறுதிச் சுற்றின் மதிப்பெண்களை வரிசையாகப் பார்த்தால் கதை தெளிவாகும்.

வளையம்: யானா 19.225, ரீத்தா 19.050. பந்து: யானா 19.250, ரீத்தா 19.150. இரண்டு ஆட்டங்கள் முடிந்தபோது யானா 0.275 முன்னணி. அடுத்தது கட்டைகள். ரீத்தாவுக்கு 19.050. கடைசி வீச்சைத் தவறவிட்ட யானாவுக்கு 17.883. கடைசியாக ரிப்பன்: யானா 19.250, ரீத்தா 19.233.

மொத்தம்: ரீத்தா 76.483, யானா 75.608. உக்ரேனின் ஹன்னா ரிஸாட்டினோவா 73.583 பெற்று வெண்கலம் வென்றார்.

இந்த எண்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கு கருவிகளில் மூன்றில் யானாவே கூடுதலாகப் பெற்றார். ஆனால் ரீத்தாவின் நான்கு ஆட்டங்களில் ஒன்றுகூட 19க்குக் கீழே இறங்கவில்லை. இந்த விளையாட்டில் ஒன்றில் உச்சம் தொட்டால் போதாது. நான்கிலும் தவறாமல் நிற்க வேண்டும். தோழி தடுமாறியதற்குப் பிறகு, தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற நினைப்போடு 6 மீட்டர் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு களத்தில் இறங்குவது எளிதா? அந்த நெருக்கடியில்தான் ரீத்தா அன்றைய நாளின் தம் ஆக உயர்ந்த மதிப்பெண்ணைப் பெற்றார். 2013இல் கீவ் நகரில் உடைந்த பெண் 2016இல் உடையவில்லை. அதை அதிர்ஷ்டம் என்று சொல்வது அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகும்.

கீவ் நகரில் இருவரையும் ஒரே மேடையில் சமமாக நிறுத்தியவை கட்டைகள். ரியோவில் இருவரையும் பிரித்தவையும் அதே கட்டைகள்தான்.

வீட்டில் காத்திருந்த துயரம்

ரீத்தா ரியோவில் ஆடிக்கொண்டிருந்தபோது அவருடைய தந்தை புற்றுநோயால் படுத்த படுக்கையாக இருந்தார். மகளுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான் பயிற்சி செய்தார். தெரிந்துகொண்டேதான் புன்னகையோடு களத்தில் நின்றார். மகள் தங்கம் வென்ற சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 26ஆம் தேதி, அப்துல்லா அல் மாமூன் காலமானார். மகளின் வெற்றியைக் கேட்டுவிட்டுத்தான் அந்தத் தகப்பன் கண் மூடினார் என்பது மட்டுமே அந்தக் குடும்பத்திற்கு ஆறுதல்.

அந்த ஒலிம்பிக்கிற்கு முந்தைய மாதங்களைப் போலந்து இயக்குநர் மார்த்தா ப்ரூஸ் படம் பிடித்தார். 'எல்லையைத் தாண்டி' என்று பொருள்படும் தலைப்பில் அந்த ஆவணப்படம் 2017இல் வெளிவந்தது. பயிற்சிக் கூடத்தின் கதவுக்குப் பின்னால் நடப்பதை உலகம் அதில் பார்த்தது. அதட்டல், அவமதிப்பு, கடுஞ்சொல். சோர்வையும் வலியையும் காட்ட அங்கே இடமில்லை. அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் பதில் பேசாமல், மறுபடியும் வளையத்தைக் கையில் எடுக்கும் ரீத்தாவின் முகமே படம் முழுவதும் நிறைந்திருக்கிறது.

படம் பார்த்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். 'இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் தங்கம் ஏது?' என்றது ஓர் அணி. 'ஒரு பெண்பிள்ளையை இப்படி நடத்தித்தான் தங்கம் வாங்க வேண்டுமா?' என்றது மற்றோர் அணி.

முதல் அணியின் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. யானாவும் அதே நோவோகோர்ஸ்க் கண்டிப்பில் வளர்ந்தவர்தான். அந்தக் கண்டிப்பு அவர் கட்டையைக் கடைசி நொடியில் பிடித்துக் கொடுக்கவில்லை. காயங்களோடு போராடிய அவர் 2017இல் விளையாட்டிலிருந்து விடைபெற்றார். அதே ஆண்டு நவம்பரில், 22 வயதில், ரீத்தாவும் ஓய்வை அறிவித்தார். அதற்குச் சற்று முன் ரஷ்ய நீச்சல் வீரர் அலெக்சாண்டர் சுகோருகோவை மணந்திருந்தார். பின்னர் தாயானார். பலர் வேலையில் சேரும் வயதில் அவருடைய விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிட்டது.

பிறகு வந்த காலம்

ரஷ்யாவின் தொடர் வெற்றி ரீத்தாவோடு நின்றது. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இஸ்ரேலின் லினோய் அஷ்ராம், ரஷ்யாவின் டினா அவெரினாவை 0.150 மதிப்பெண்ணில் முந்தினார். உக்ரேன் போரை அடுத்து 2022 முதல் ரஷ்யர்கள் அனைத்துலகப் போட்டிகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரஷ்ய ரிதமிக் வீராங்கனைகள் யாரும் இல்லை. அங்கே தங்கம் வென்ற டார்யா வர்ஃபொலொமெயெவ் சைபீரியாவில் பிறந்து, சிறு வயதிலேயே ஜெர்மனிக்குச் சென்று, அந்நாட்டுக்காக ஆடியவர்.

ரஷ்யர் அல்லாதவர்களாலும் இந்த விளையாட்டில் உச்சியைத் தொட முடியும் என்பதை இந்த இரண்டு ஒலிம்பிக்குகளும் காட்டிவிட்டன. ஒரே ஒரு கூடம், ஒரே ஒரு வழி என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பிள்ளைகளை விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் ரீத்தாவின் கதையில் கவனிக்க வேண்டியது இதுதான். கடும் உழைப்பு வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. 7 வயதில் தொடங்கி 20 வயதில் தங்கம் வாங்கிய பெண் அதற்குச் சாட்சி. ஆனால் உழைப்பு வேறு, அவமானம் வேறு. முன்னது பிள்ளையின் கையை உறுதியாக்கும். பின்னது என்ன செய்யும் என்பது கேமரா இல்லாத கூடத்தில் யாருக்கும் தெரியாது.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் 'இன்றைக்கு எத்தனையாவதாக வந்தாய்?' என்று கேட்பது நம் வழக்கம். அதற்கு முன் 'எங்கேயாவது வலிக்கிறதா?' என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரமாகலாம். காத்திருங்கள்.