உஷார்! படத்தைப் பார்த்து அறை போட்டுவிடாதீர்கள்

இத்தாலிக் கடலோரம் போகத் திட்டம் போடுகிறீர்களா? அறைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா? ரத்து செய்ய இன்னும் எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். மீதியை அப்புறம் வந்து படிக்கலாம்.

சிங்க்வே தெர்ரே என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். வட இத்தாலியின் லிகூரியா பகுதியில், லா ஸ்பேசியா நகரத்துக்குப் பக்கத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவே செருகி வைத்த ஐந்து சின்ன ஊர்கள். மோன்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே. பாறைமேல் மஞ்சளும் ரோஜா நிறமுமாக வீடுகள், கீழே நீலமாகக் கடல். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் படத்தில் படிக்கட்டு தெரியாது.

எனக்குத் தெரிந்த கோவைக் குடும்பம் ஒன்று. பெயர் வேண்டாம். கணவன், மனைவி, நாலாவது படிக்கும் பையன், கூடவே முழங்கால் வலி உள்ள மாமியார். செப்டம்பர் கடைசியில் போனார்கள். ஐந்து ஊர், கையில் ஐந்து ராத்திரி, ஊருக்கு ஒரு ராத்திரி என்று அறை போட்டுவிட்டார்கள். காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருந்தது.

நடந்தது என்ன? தினமும் காலை பத்து மணிக்கு ஓர் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊர் அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். நடுவில் ஐந்து மணி நேரம் பெட்டிகளோடு தெருவில். ஊருக்குள் கார் வராது, ஆட்டோவும் கிடையாது. கல் பாவிய சந்தில் சக்கரப் பெட்டி உருளாது, தூக்கத்தான் வேண்டும். மூன்றாம் நாள் கோர்னிலியா. மற்ற நாலு ஊரும் கடலைத் தொட்டுக்கொண்டு இருக்க, இது மட்டும் ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்தில் பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. ரயில் நிலையமோ கீழே கடலோரத்தில். ஊருக்குப் போக 380க்கும் மேல் படிகள். ஒரு குட்டிப் பேருந்து உண்டு. இவர்கள் போய் இறங்கியபோது அன்றைக்கு அது ஓடி முடிந்திருந்தது.

அந்த அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் ஏறினார். காலையில் முழங்கால் வீங்கிவிட்டது. அதே காலையில் அதே படிகளில் இறங்கியும் ஆக வேண்டும், பத்து மணிக்கு அறை காலி! அடுத்த ஊரில் மூன்றாவது மாடி அறை, லிஃப்ட் கிடையாது. கடைசி இரண்டு நாளும் அறை மாறிய நேரம் போக அவர் படுக்கையிலேயே கிடந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம். அதைக் கேட்டுத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. வயதானவர்கள் சொல்ல மாட்டார்கள். அறை போடும்போதே நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் இந்த ஐந்து ஊரையும் ஒரே ரயில் பாதை கோத்திருக்கிறது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடம்தான். ஊர் மாற வேண்டிய அவசியமே இல்லை! ஓரிடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு நாலு ஊரையும் பார்த்துவிட்டு வரலாம்.

அப்படியானால் எங்கே தங்குவது? பெரியவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் மோன்தெரோஸ்ஸோ. ஐந்தில் கொஞ்சம் சமதரை உள்ளது அதுதான், கால் புதைய மணல் உள்ள பெரிய கடற்கரையும் அங்கேதான். ஆனால் அங்கும் மலைமேல் ஏறிய வீடுகள் உண்டு, ஊர்ப் பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். ரியோமஜோரேயும் மனரோலாவும் செங்குத்துச் சரிவுகள், முட்டி நன்றாக இருப்பவர்களுக்கு. கோர்னிலியா முதுகுப்பையோடு போகிற இளசுகளுக்கு மட்டும், அவர்களுக்கு அது சொர்க்கம்தான். வெர்னாட்ஸா அழகி. ஆனால் அங்கே நடைமேடையில் ஒரு பகுதி சுரங்கத்துக்குள் இருக்கிறது. பின்பெட்டியில் ஏறியவர்கள் இருட்டைப் பார்த்து, ஊர் இன்னும் வரவில்லை என்று உட்கார்ந்தே இருந்துவிடுவார்கள். குழந்தையை முன்னால் இறக்கிவிட்டு நீங்கள் பெட்டி எடுக்கத் திரும்பினால்? கதவு மூடிவிடும். ஜாக்கிரதை!

ஒருவரும் சொல்லாத இடம் ஒன்று சொல்கிறேன். லா ஸ்பேசியா. கடற்படைத் தளம் உள்ள சாதாரண நகரம், படம் எடுக்க ஒன்றும் இல்லை என்று எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் டாக்சி கிடைக்கும், மருந்துக்கடை உண்டு, மருத்துவமனை உண்டு, லிஃப்ட் உள்ள விடுதி தேடினால் அமையும். ரியோமஜோரேக்கு ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ள அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் அங்கேயே தங்குங்கள் என்பேன். ஜன்னலில் கடல் தெரியாவிட்டால் போகிறது.

எத்தனை ராத்திரி?

ஒன்று போதவே போதாது. பகல் முழுக்கப் படகிலும் ரயிலிலும் கூட்டம் வந்து கொட்டும். அந்த ஊர்கள் மூச்சு விடுவது விடிகாலையிலும், மாலையில் கடைசிப் படகு போன பிறகும்தான். ஒரு ராத்திரிக்காரர்கள் கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு போகிறார்கள். இரண்டு ராத்திரி என்றால் கையில் முழுதாக ஒரே ஒரு நாள். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான். மூன்று ராத்திரி போடுங்கள், ஒரே இடத்தில். நாள் மிச்சம் இருந்தால் உட்கார்ந்து ஃபாரினாட்டா சாப்பிடுங்கள். கொண்டைக்கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் அடை, நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

மழை என்றேன். இது விளையாட்டு இல்லை.

2011 அக்டோபர் 25. சில மணி நேரத்தில் அந்த மலைகள்மேல் வானம் பிளந்துகொண்டது. வெர்னாட்ஸாவிலும் மோன்தெரோஸ்ஸோவிலும் கடைத்தெருவுக்கு அடியில் ஓடை ஓடுகிறது. மேலே மூடித் தெருவாக்கியிருக்கிறார்கள். நடக்கிறவர்களுக்குக் கீழே தண்ணீர் இருப்பதே தெரியாது. அன்றைக்கு மண்ணும் மரமும் காருமாக அந்த ஓடை தெருவிலேயே பாய்ந்தது. வெர்னாட்ஸாவில் கடைகள் சேற்றில் புதைந்தன, மூன்று உயிர் போயிற்று. மோன்தெரோஸ்ஸோவிலும் ஓர் உயிர். சாலை அறுந்து, ரயில் நின்று, மக்களைக் கடல் வழியாக வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதற்கு முந்தின ஆண்டு செப்டம்பரில், தெற்கே அமால்ஃபிக் கரையில் அத்ரானி என்ற குட்டி ஊரிலும் இதே கதை. தெருவுக்கடியில் ஓடை, திடீர் வெள்ளம், ஒரு பெண் பலி.

ஏன் இந்த மாதங்களில்? கோடை முழுக்கச் சூடேறிய கடல் ஈரத்தை வாரி விடுகிறது. அந்தக் காற்று கரையை ஒட்டிய மலைச்சுவரில் முட்டி, ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கிறது. திராட்சைக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கல்லடுக்கிக் கட்டிய படிவயல்கள் அந்தச் சரிவுகளைத் தாங்கிப் பிடித்திருந்தன. பயிர் செய்ய ஆளில்லாமல் பல வயல்கள் இன்று பாழாய்க் கிடக்கின்றன. சுவர் சரிந்தால் மண்ணும் கூடவே வரும். அக்டோபர், நவம்பரில் வாடகை மலிவு என்று குதிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு குதியுங்கள். நவம்பர் பிறந்தால் பல உணவகங்களும் விடுதிகளும் கதவைச் சாத்திவிடும், படகும் ஓடாது.

அங்கே வானிலை எச்சரிக்கைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் வைத்திருக்கிறார்கள். ஆரஞ்சு என்று காதில் விழுந்தால் மலைப்பாதைப் பக்கம் போகாதீர்கள். ஓடைத் தெருவில், தரைத்தளத்தில் உங்கள் அறை என்றால் விடுதிக்காரரிடம் உடனே பேசுங்கள். அவசர எண் 112. இப்போதே கைபேசியில் பதிந்து வையுங்கள்.

வெயில் அடித்தாலும் பாதை பத்திரம் என்று நினைக்க வேண்டாம். ரியோமஜோரேயிலிருந்து மனரோலாவுக்குப் போகும் பேர்பெற்ற காதல் பாதையில், 2012 செப்டம்பரில் பாறை சரிந்து நான்கு சுற்றுலாப் பயணிகள் காயப்பட்டார்கள். மூடிய பாதை முழுதாகத் திறக்க 2024 ஆகிவிட்டது. அது சமதரை. மோன்தெரோஸ்ஸோவுக்கும் வெர்னாட்ஸாவுக்கும் இடையே உள்ளது அப்படி இல்லை. ஏற்றமும் இறக்கமும் குறுகலுமாக இரண்டு மணி நேரம். ரப்பர் செருப்போடு வந்தால் அபராதம் என்று 2019இலேயே அறிவித்துவிட்டார்கள். அபராதம் கிடக்கட்டும், கணுக்கால் போனால் அங்கே உங்களைத் தூக்கி வர வண்டி வர முடியாது.

அறை பார்க்கும்போது இந்த அறிகுறிகளுக்கு உஷாராக இருங்கள்.

“அபாரமான காட்சி” என்று எழுதியிருக்கிறதா? உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நிலையத்திலிருந்து எத்தனை படி, எத்தனையாவது மாடி என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

“நிலையத்திலிருந்து 300 மீட்டர்” என்கிறார்களா? குறுக்கே 300 மீட்டரா, மேலே ஏறும் 300 மீட்டரா?

விளம்பரத்தில் தேசியப் பதிவு எண் இருக்கிறதா? 2025இலிருந்து இத்தாலியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் அது கட்டாயம். இல்லையென்றால் அந்த வீடே இல்லாமல் இருக்கலாம்.

முன்பதிவு முடிந்த பிறகு, “உங்கள் அட்டையைச் சரிபார்க்க வேண்டும், இன்றைக்குள் இந்த இணைப்பில் பணம் கட்டாவிட்டால் அறை ரத்து” என்று செய்தி வருகிறதா? தொடாதீர்கள்! உங்கள் பெயர், தேதி எல்லாம் சரியாகவே இருக்கும். விடுதியின் கணக்கைத் திருடியவர்கள் அனுப்புவது அது. விடுதிக்கே தொலைபேசியில் கேளுங்கள். ஆனால் நேரில் போனதும் பாஸ்போர்ட் கேட்டால் பயப்பட வேண்டாம். தங்குபவர் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிப்பது அங்கே சட்டம். தலைக்கு இத்தனை, ராத்திரிக்கு இத்தனை என்று ஊர் வரியும் கேட்பார்கள், பல இடங்களில் ரொக்கமாக.

கார் எடுத்துக்கொண்டால் நினைத்த இடத்தில் நிற்கலாமே என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். பழைய ஊர்களின் வாசலில் கேமரா இருக்கும். அனுமதி இல்லாமல் நுழைந்தால் அங்கே ஒருவரும் தடுக்க மாட்டார்கள். நீங்கள் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வரும், வாடகைக் கார்க்காரர் தன் பங்குக்கும் உங்கள் அட்டையில் பணம் பிடித்திருப்பார். அமால்ஃபிக் கரைச் சாலையிலோ கூட்ட நாட்களில் ஒற்றைப்படை எண் வண்டி ஒரு நாள், இரட்டைப்படை மறுநாள்.

இனி விசா. இங்கேதான் படித்தவர்களும் மாட்டுகிறார்கள். இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் இரண்டு விஷயம் அச்சாகியிருக்கும். எந்தத் தேதிக்குள் என்பது ஒன்று, மொத்தம் எத்தனை நாள் என்பது இன்னொன்று. தேதியை மட்டும் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே, கடற்கரையில் நாலு நாள் கூட இருப்போம் என்று நீட்டிவிடுகிறார்கள். கூடாது! நாள் கணக்குதான் பெரிது. அதுவும் ராத்திரிக் கணக்கு இல்லை. இறங்கிய நாளும் ஒரு நாள், கிளம்பும் நாளும் ஒரு நாள். பத்து ராத்திரி என்றால் பதினொரு நாள். ஒரு நாள் மிஞ்சினாலும் அடுத்த விசாவுக்கு அது குறுக்கே நிற்கும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பாரிஸில் நாலு, இத்தாலியில் ஆறு என்று காட்டி இத்தாலி விசா வாங்கிவிட்டு, கடைசியில் அதை மாற்றிப் போடாதீர்கள்.

கடைசி ராத்திரியைக் கடலோரத்தில் வைக்காதீர்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், வெள்ளிக்கிழமைகளில் குறிப்பாக. சாதாரண வேலை நாளில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் முக்கியமான வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்று விதி உண்டு. மற்ற நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை. மோன்தெரோஸ்ஸோவிலிருந்து மிலானுக்கு நல்ல நாளிலேயே ஏறக்குறைய மூன்று மணி நேரம். மறுநாள் விமானம் என்றால் முந்தின மாலையே மிலான் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். வேலைநிறுத்தத் தேதிகளை இத்தாலியப் போக்குவரத்து அமைச்சகம் முன்கூட்டியே தன் தளத்தில் போட்டுவிடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் ஒரு முறை, முந்தின நாள் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.