பறக்க இடம் கேட்ட லிண்ட்சி வான்

நம் பள்ளி விளையாட்டு விழாவில் ஒருத்தி நீளம் தாண்டுதலில் நான்கு மீட்டரைக் கடந்துவிட்டால் கைதட்டல் அடங்க வெகுநேரமாகும். பனி நாடுகளிலோ நூறு மீட்டர் தாண்டும் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்கு ஸ்கி ஜம்பிங் என்று பெயர். அதில் புகழ்பெற்று, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வான் அவர்களைப் பற்றி இங்குக் காண்போம்.

முதலில் விளையாட்டைத் தெரிந்துகொள்வோம். மலைச்சரிவில் உயரமான ஓடுபாதை ஒன்று அமைத்திருப்பார்கள். ஆளைவிட நீளமான இரு சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, கையில் கோல் ஏதுமின்றி அதில் சறுக்கி வரவேண்டும். வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர் அளவை எட்டும். பாதை முடியும் இடத்தில் எம்பி, உடலை முன்னே சாய்த்து, பலகைகளை ஆங்கில 'வி' எழுத்தைப்போல் விரித்தால் காற்று அடியிலிருந்து தாங்கிக்கொள்ளும். கீழே உள்ள தரையும் சரிந்தே செல்வதால் இறங்கும்போது அடி குறைகிறது. தாண்டிய தூரத்திற்கும், ஐந்து நடுவர்கள் காணும் அழகிற்கும் மதிப்பெண்கள் உண்டு.

ஆண்களுக்கு இது 1924 முதல் ஒலிம்பிக் போட்டி. பெண்களுக்கு இல்லை. 2005ஆம் ஆண்டிலும் உலகப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் தலைவர், மருத்துவ நோக்கில் இது பெண்களுக்கு ஏற்றதாகத் தெரியவில்லை என்று கூறினார். நார்வே நாட்டில் 1862இலேயே ஒரு பெண் தாண்டியிருக்கிறார் என்பதை அவர் மறந்துவிட்டார் போலும்!

லிண்ட்சி 1984இல் டெட்ராய்ட் நகரில் பிறந்து, யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில் வளர்ந்தவர். ஏழு வயதில் தாண்டத் தொடங்கினார். 2002 ஒலிம்பிக்கின் தாண்டல் போட்டிகள் அவருடைய ஊருக்கு அருகிலேயே நடந்தன. பதினேழு வயது லிண்ட்சிக்கு அதில் இடமில்லை.

அடுத்து 2010இல் கனடாவின் வான்கூவரில் ஒலிம்பிக் நடக்கவிருந்தது. வீராங்கனைகளும் நாடுகளும் போதாது என்று கூறி, ஒலிம்பிக் குழு 2006இல் மறுத்துவிட்டது. ஆனால் அப்போட்டிக்கெனக் கட்டிய சிறிய மேட்டில் 2008இல் லிண்ட்சி தாண்டிய 105.5 மீட்டரே, ஆண் பெண் இருபாலாருக்கும் சாதனைத் தூரமாக இருந்தது! 2009 பிப்ரவரியில் லிபரெட்ஸ் நகரில் பெண்களுக்கு முதன்முதலாக நடந்த உலகப் போட்டியிலும் அவரே முதலிடம் பெற்றார்.

அவரும் வேறு பல வீராங்கனைகளும் கனடா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு ஜூலையில் நீதிபதி ஃபென்லன் அம்மையார் தீர்ப்பளித்தார். பெண்களுக்கு இழைக்கப்படுவது பாரபட்சமே; ஆயினும் முடிவெடுத்தது ஒலிம்பிக் குழு, அக்குழுவைக் கனடாச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றார். தவறு என்று சொல்லிவிட்டு, திருத்த அதிகாரமில்லை என்றும் சொன்னால் வழக்கில் வென்றவர் யார் என்று நாங்கள் தோழியர் வெகுநேரம் வாதிட்டோம். இன்னும் முடிவுக்கு வரவில்லை. மேல்முறையீடும் தோற்றது.

2011இல்தான் ஒலிம்பிக் குழு இசைந்தது. இதற்கிடையில், 2012இல், முன்பின் அறியாத நோயாளி ஒருவருக்காக லிண்ட்சி எலும்பு மஜ்ஜை தானம் செய்தார். சாதனைகளைவிட இதுவே எங்களை அதிகம் கவர்ந்தது.

2014இல் ரஷ்யாவின் சோச்சியில் முப்பது பெண்கள் தாண்டினார்கள். தங்கம் ஜெர்மனியின் கரினா ஃபோக்ட்டுக்குச் சென்றது. இருபத்தொன்பது வயதாகிவிட்டிருந்த லிண்ட்சிக்குப் பதினைந்தாம் இடம்.

தாண்டலையும் நீண்டதூரப் பனிச்சறுக்கையும் சேர்த்து நடத்தும் 'நார்டிக் கம்பைன்ட்' என்னும் போட்டியில் 2026 ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கு இடம் தரப்படவில்லை.